எழுத்துப் பயிற்சி வகுப்பு: எதை எடுப்பது?

மகளுக்கு ஸ்டான்ஃபோர்டில் இடம் கிடைத்திருக்கிறது. கணினி அறிவியல் படிக்கப் போகிறவளும் எழுத்து வகுப்பு எடுத்தே ஆக வேண்டுமாம். பிளஸ் டூ ஆங்கிலத்தில் 97 வாங்கியவள். விலக்குக் கேட்கலாமா?
– வாசகி, திருச்சி

பள்ளி மதிப்பெண்ணைக் காட்டி விலக்கு வாங்க முடியாது. இது ஆங்கில இலக்கண வகுப்பும் அல்ல. பி.டபிள்யூ.ஆர். 1 என்ற அந்தப் பாடத்தை முதலாண்டிலேயே முடிக்க வேண்டும். பிரிவுக்குப் 15 பேர்தான். முதல் கட்டுரையில் ஒருவரது வாதம் எப்படி நம்மை நம்பவைக்கிறது என்று பிரித்துப் பார்ப்பார்கள். அடுத்ததில் பலரது கருத்துகளை எதிரெதிரே வைத்துப் பார்ப்பார்கள். கடைசியாகச் சொந்த ஆய்வு, 12 முதல் 15 பக்கம்.

நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது அந்த ஆய்வுக் கட்டுரையில்தான். 'சமூக ஊடகங்களால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு' என்று தொடங்குவார்கள். யாரும் மறுக்காத ஒன்றை நிரூபிக்க எதற்குப் பதினைந்து பக்கம்? 'வகுப்பு வாட்ஸ்அப் குழுவால் மாணவர்கள் ஆசிரியரிடம் நேரில் சந்தேகம் கேட்பது குறைகிறது' என்றால் மறுக்க ஆள் இருக்கிறது, ஆதாரம் தேடவும் வழி இருக்கிறது.

வரைவு முடிந்ததும் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது சொல்வதை ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பத்திக்கு ஒரே வரி வந்தால் ஒன்றை வெட்டலாம். வரியே எழுத வரவில்லையென்றால் அந்தப் பத்தியில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது, அல்லது விஷயமே இல்லை.

பிரிவுக்குப் பிரிவு கருப்பொருள் மாறும் என்பதால் பிடித்ததாகப் பார்த்துத் தேர்வு செய்யட்டும். இரண்டாம் ஆண்டில் மேடைப் பேச்சோடு சேர்ந்த பி.டபிள்யூ.ஆர். 2, பிறகு சொந்தத் துறையிலேயே ஓர் எழுத்துப் பாடம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இன்னும் கூடுதல்: நான்கு பாடங்கள், அதில் இரண்டு சொந்தத் துறையில். ஹார்வர்டில் இந்த வழக்கம் 1872 முதலே இருக்கிறது.

பொறியியல் படிக்கிறேன். விருப்பப் பாடமாகத் தொழில்நுட்ப எழுத்து, படைப்பிலக்கியம் இரண்டும் இருக்கின்றன. எது நல்லது?
– வாசகர், கோவை

புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதத் தடுமாறுகிறீர்கள் என்றால் முதலாவது. 'கரைசல் சிறிது நேரம் சூடாக்கப்பட்டது' என்பதை '50 மி.லி. கரைசலை 60 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் வைத்தோம்' என்று மாற்றும் பழக்கம் அங்கேதான் வரும். படிப்பவர் அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். முடிவுகள் பகுதியிலேயே விளக்கத்தையும் கலப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கிடைத்த அளவு வேறு, அதற்கு நீங்கள் சொல்லும் காரணம் வேறு.

படைப்பு எழுத்தைப் பெரும்பாலும் பட்டறையாக நடத்துவார்கள்; அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-லிருந்து நடக்கிறது. கதையை முன்கூட்டியே எல்லாருக்கும் தந்துவிட வேண்டும். மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது பழைய மரபு. எளிதாக மதிப்பெண் வாங்கலாம் என்று நினைத்து மட்டும் போகாதீர்கள்.

முனைவர் பட்டத்துக்கான ஆய்வு நெறிமுறைப் பாடம் ஆய்வேடு எழுதக் கற்றுத் தருமா?
– வாசகர், மதுரை

தராது. யு.ஜி.சி. 2019-இல் கட்டாயமாக்கிய அந்தப் பாடம் 2 கிரெடிட், 30 மணி நேரம். நெறிமுறையும் வெளியீட்டு விதிகளும்தான். பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வேட்டைத் திருத்தித் தரச் சொல்வார்கள், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அத்தியாயம் எழுதுவதற்குத் தனியாக ஒரு பயிற்சி தேடிக்கொள்ளுங்கள்.