கோர்ட் இருக்கிறது, எதிரே ஆட ஆள் இல்லையே!

வேலை மாறி சென்னைக்கு வந்திருக்கிறேன். கல்லூரியில் ஸ்குவாஷ் (நான்கு சுவருக்குள் மட்டையால் பந்தடிக்கும் ஆட்டம்) ஆடியிருக்கிறேன். வாரம் இரண்டு நாள் வியர்க்க ஆடினால் போதும். ஆளை எங்கே தேடுவது?
– வாசகர், வேளச்சேரி

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள். "எப்போதாவது ஆடலாமா?" என்று கேட்பவருக்கு யாரும் அமைவதில்லை. "செவ்வாய், வியாழன் காலை ஆறரை" என்பவருக்குச் சீக்கிரம் அமைந்துவிடும். அதே நேரத்துக்கு கோர்ட்டையும் தொடர்ந்து புக் செய்துவிடுங்கள். கோர்ட் கையில் இருப்பவரைத் தேடி ஆள் வரும்.

அடுத்து, கிளப்பில் மார்க்கரை (உறுப்பினர்களுடன் ஆடிக்கொடுக்கும் ஊழியரை)ப் பிடியுங்கள். யார் எந்த நேரம் வருகிறார், யாருக்கு ஜோடி விட்டுப்போயிற்று, யார் தோற்றால் முகம் சுளிப்பார் எல்லாம் அவருக்கு அத்துப்படி. கட்டணம் கொடுத்து அவருடனேயே அரை மணி நேரம் ஆடுங்கள். உங்கள் தரத்தைக் கணித்து, பொருத்தமான ஆளை அவரே சொல்லிவிடுவார். மார்க்கர் இல்லாத இடமென்றால், பெரியவர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஒரு மாதம் சேருங்கள். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்துப் பெரிய குடியிருப்புகள் சிலவற்றிலும் கோர்ட் உண்டு. ஆடத்தான் ஆளில்லாமல் பழைய நாற்காலிகள் அடுக்கிக் கிடக்கும்! அங்கே குடியிருக்கும் அலுவலக நண்பர் யாராவது இருந்தால் விருந்தினராகப் போய் ஆடலாம்.

வாட்ஸ்அப் குழுவில் கேட்கும்போது 'இன்டர்மீடியட்' என்று மட்டும் போடாதீர்கள். ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள். "பக்கச் சுவரை ஒட்டி, ஷார்ட் லைனைத் தாண்டி விழுகிற மாதிரி பத்து டிரைவ் தொடர்ந்து அடிப்பேன்" என்று எழுதினால் குழப்பமே இல்லை. (டிரைவ் என்பது முன் சுவரில் பட்டுப் பின்பக்கம் போகும் நீள அடி; ஷார்ட் லைன் என்பது தரையின் நடுவே குறுக்காகப் போகும் கோடு.) நாள், நேரம், இடம், எந்தப் பந்து என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

கிடைத்த ஒரே ஆள் என்னைவிட நன்றாக ஆடுகிறார். 11-2, 11-3 என்றே முடிகிறது. அவருக்கும் சலிப்பு தட்டுகிறது.
– வாசகி, கோவை

ஸ்கோரை 0-0-க்குப் பதில், உங்களுக்கு 5 புள்ளி கொடுத்துத் தொடங்குங்கள். அதைவிட நல்ல வழி, அவர் அடிக்கும் பந்தெல்லாம் ஷார்ட் லைனுக்குப் பின்னால்தான் விழவேண்டும் என்று வைத்துக்கொள்வது. அவருக்கு டிராப் ஷாட் (முன் சுவரருகே மெதுவாகத் தட்டிவிடும் அடி) கிடையாது, உங்களுக்கு முழு கோர்ட். அவருக்கும் நீளமாக அடிக்கும் பழக்கம் கூடும். முதல் பத்து நிமிடம் போஸ்ட்-டிரைவ் பயிற்சி செய்யுங்கள்: பின்னால் இருப்பவர் பக்கச் சுவரில் பட்டு முன் சுவருக்குப் போகும்படி போஸ்ட் அடிக்க, முன்னால் இருப்பவர் நேராக டிரைவ் அடிப்பார்.

பந்தையும் பாருங்கள். இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து சூடானால்தான் எழும். விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால், 23 டிகிரியில் உயரத்தில் 12 சதவீதம் எழுந்தாலே போதும். 45 டிகிரியில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் எழவேண்டும். புதியவர் அடியில் அந்தச் சூடு ஏறாது, பந்து செத்துப்போய் இரண்டே ஷாட்டில் ராலி (மாறி மாறி அடிப்பது) முடிந்துவிடும். ஏ.சி. கோர்ட்டில் இன்னும் மோசம். இன்னும் எளிதாக எழும் ஒற்றை மஞ்சள் அல்லது சிவப்புப் புள்ளிப் பந்துக்கு மாறுங்கள். பெருமைக்காக இரட்டை மஞ்சளைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

மூன்று பேர் சேர்ந்தோம். ஒரு கோர்ட், 45 நிமிடம். எப்படிப் பிரிப்பது?
– வாசகர், மதுரை

மூன்று பேர்தான் உத்தமம். ஒருவர் வராவிட்டாலும் ஆட்டம் நடக்கும், செலவும் மூன்றாகப் பிரியும். ஜெயித்தவர் நிற்க, தோற்றவர் வெளியே. ஆனால் எவரும் தொடர்ந்து இரண்டு கேமுக்கு மேல் ஆடக்கூடாது. இல்லாவிட்டால் வலுவான ஆளே உள்ளே இருப்பார். வெளியே இருப்பவர் ஸ்கோர் சொல்லட்டும். வராதவரும் தன் பங்கைக் கொடுக்கவேண்டும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

நட்பு ஆட்டம்தானே, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியமா?
– வாசகி, திருச்சி

அவசியம். 40 மி.மீ. பந்து கண்குழிக்குள் போய் உட்காரக்கூடிய அளவு. பழக்கமில்லாத எதிராளியின் மட்டை எங்கே சுழலும் என்பதும் உங்களுக்குத் தெரியாது. சாதாரண மூக்குக்கண்ணாடி உடைந்து கண்ணிலேயே குத்தும். பாலிகார்பனேட் விளையாட்டுக் கண்ணாடி வாங்குங்கள். எதிராளி குறுக்கே நின்றால் அடிக்காமல் நிறுத்தி 'லெட்' கேளுங்கள். அந்தப் புள்ளியை மறுபடி ஆடினால் போயிற்று. புதிய ஆளுடன் இதைச் சர்வீஸ் போடுமுன்பே பேசிக்கொள்ளுங்கள்.