பெண்கள் பாடிபில்டிங் ஏன் தேய்ந்துபோனது? பெண்மை பற்றிய எண்ணம் மாறியதுதான் காரணமா?

தண்டையார்பேட்டையில் ஒரு சிறிய உடற்பயிற்சிக் கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாகப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். 2016இல் ஒரே ஒரு முறை போட்டி மேடையும் ஏறியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: தசை வளர்க்கும் ஆசை பெண்களிடம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு தசை வரை ஒருத்தி பெண்ணாக எண்ணப்படுவாள் என்று கோடு கிழிக்கும் அதிகாரம் தொடக்கத்திலிருந்தே நடுவர்களிடம் இருந்தது; பெண்கள் அந்தக் கோட்டைத் தாண்டியபோதெல்லாம் விதிகள்தான் மாற்றி எழுதப்பட்டன.

பெண்கள் பாடிபில்டிங்கின் உச்சப் போட்டியான மிஸ் ஒலிம்பியா முதன்முதலில் 1980இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. அதில் வென்ற ரேச்சல் மெக்லிஷின் உடற்கட்டை இன்றைக்குப் பார்க்கும் எவரும் பாடிபில்டிங் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். அவ்வளவு மெலிந்த, இறுக்கமான உடல் அது. 1983இல் லாஸ் வேகாஸில் நடந்த ஒரு போட்டிக்கு ஆஸ்திரேலியாவின் வலுதூக்கும் (பவர்லிஃப்டிங்) வீராங்கனை பெவ் பிரான்சிஸ் வந்தார். அதுவரை எந்தப் பெண்ணிடமும் பார்த்திராத தசைத் திரட்சியோடு நின்ற அவருக்கு எட்டாம் இடமே கிடைத்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. தொடர்ந்து போட்டியிட்டு, 1991 மிஸ் ஒலிம்பியாவில் லெண்டா மரேயிடம் ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தார். அதற்கு அடுத்த ஆண்டே, மிதமிஞ்சிய தசை கூடாது, பெண்மை தெரிய வேண்டும் என்ற வழிகாட்டுதலைச் சர்வதேசப் பாடிபில்டிங் கூட்டமைப்பு கொண்டுவந்தது. 2004 இறுதியில் வந்த சுற்றறிக்கை இன்னும் வெளிப்படையானது: பெண் போட்டியாளர்கள் தங்கள் தசையை 20 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அது கேட்டது. அதே காலத்தில் ஆண்கள் மேடையில் ரோனி கோல்மன் ஏறத்தாழ 130 கிலோ எடையில் வந்து நின்று பட்டம் வென்றுகொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், இரு மேடைகளிலும் ஒரே விளையாட்டு நடக்கவில்லை என்பது விளங்கும்.

ஊக்கமருந்தைப் பற்றிப் பேசாமல் இதை எழுதினால் அது நேர்மையாகாது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மைச் சுரப்பைச் சார்ந்த மருந்துகள் பெண்ணுடலில் குரலைத் தடிக்க வைக்கும், முகத்தில் முடி வளரச் செய்யும். மருந்தை நிறுத்திய பிறகும் குரல் பழையபடி திரும்புவதில்லை. பார்வையாளர்களில் பலர் விலகியதற்கு இதுவும் ஒரு காரணம், அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. ஆனால் மருந்துதான் உண்மையான கவலை என்றால் மருந்துச் சோதனையைக் கடுமையாக்கியிருக்க வேண்டும். தசையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள் என்று சொல்வது தோற்றத்தைப் பற்றிய கவலையே தவிர உடல்நலத்தைப் பற்றியது ஆகாது.

இதற்கிடையே, பாடிபில்டிங் அளவுக்குத் தசை கேட்காத புதுப் பிரிவுகள் வரிசையாக வந்தன. ஒலிம்பியா மேடையில் 2003இல் ஃபிகர், 2010இல் பிகினி, 2013இல் விமன்ஸ் பிசிக். 2014இல் ஐரிஸ் கைல் தன் பத்தாவது மிஸ் ஒலிம்பியா பட்டத்தை வென்று ஓய்வை அறிவித்தார். அத்துடன் அந்தப் போட்டியே நிறுத்தப்பட்டது. 2020இல்தான் அது மீண்டும் நடந்து, ஆண்ட்ரியா ஷா வென்றார். 2021இல் வந்த வெல்னஸ் என்ற பிரிவைத்தான் நான் அடிக்கடி யோசித்துப் பார்க்கிறேன். தொடையும் பின்புறமும் பெருத்திருப்பது அதில் மதிப்பெண் பெறும். தோளும் முதுகும் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டால் அதுவே குறையாகும். ஆகவே பெண்ணுக்குத் தசை வேண்டாம் என்ற பழைய பேச்சு இன்று இல்லை. உடலின் எந்தப் பகுதியில் தசை இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று பங்கு பிரித்துத் தரும் நிலைக்கு அது வந்திருக்கிறது. என்னிடம் வரும் இளம்பெண்கள் கைப்பேசியில் காட்டும் படங்களும் அப்படிப்பட்டவைதாம். தொடைக்கான ஸ்குவாட் எத்தனை செட் சொன்னாலும் செய்வார்கள், புல்அப்ஸ் என்றதும், "தோள் அகலமாயிடுமா மேடம்?" என்று கேட்பார்கள். பெண்ணுடலில் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்கு இருப்பதில் மிகச் சிறிய பங்குதான் என்பதால், இரண்டு கிலோ தசை சேர்ப்பதற்கே மாதக்கணக்கில் பாடுபட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் விளக்குகிறேன்.

நம் மொழியிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. வடசென்னையில் சுவரெங்கும் ஒட்டப்படும் சுவரொட்டிகளில் இந்த விளையாட்டின் பெயர் 'ஆணழகன் போட்டி'. இதற்கு இணையாகப் பெண்ணுக்கு என்ன சொல்வது? 'அழகி' என்று சொன்ன உடனே அது வேறொரு போட்டியாகிவிடுகிறது. நான் கலந்துகொண்ட போட்டியில் ஆண்களுக்கு எடைவாரியாகப் பல பிரிவுகள் இருந்தன; பெண்கள் நால்வரும், 48 கிலோ முதல் 70 கிலோ வரை, ஒரே வரிசையில் நின்றோம். மூன்றாம் இடத்துக்கு எனக்குத் தந்த சான்றிதழில் 'ஆணழகன்' என்று அச்சாகியிருந்ததை நீல மையால் அடித்து, மேலே 'பெண்கள் பிரிவு' என்று கையால் எழுதியிருந்தார்கள். மேடையிலிருந்து இறங்கியபோது நடுவர்களில் ஒருவர், "கட்ஸ் (தசை பிரிந்து தெரிவது) நல்லா இருக்கும்மா, ஆனா தோளைக் கொஞ்சம் கொறைச்சுக்க, சிரிச்ச முகமா நில்லு" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அதனால்தான் அது இன்னும் வலிக்கிறது.

என் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்றவர். விடியற்காலை ஏலம் முடிந்ததும், ஐஸ் உருகிச் சொட்டும் அன்னக்கூடையை இரண்டு கைகளாலும் பிடித்து, முழங்காலில் ஒரு முறை தாங்கி, ஒரே மூச்சில் தலையிலிருக்கும் சும்மாட்டின்மேல் ஏற்றுவார். அந்த நொடியில் அவர் முன்கையில் இரண்டு நரம்புகள் புடைத்து, தோள்பட்டையில் தசை தனித்தனியாகப் பிரிந்து தெரியும். எத்தனை மாதம் உப்பைக் குறைத்தும் என்னால் மேடையில் கொண்டுவர முடியாத தசைப் பிரிவு அது. அவரைப் பார்த்துப் பெண்மை போய்விட்டது என்று அந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை. பிள்ளைகளுக்காக உழைத்து வந்த தசையாக இருந்ததால் அது மதிக்கப்பட்டது. எனக்கு வேண்டும் என்று நானே விரும்பி வளர்த்தபோதுதான், அதே தெருவில், "கல்யாணமான பொண்ணுக்கு எதுக்கு இது?" என்று கேட்டார்கள். பெண்மையின் அளவுகோல் மாறிவிட்டதா என்ற உங்கள் கேள்விக்கு இந்த இடத்தில்தான் என் பதில் நிற்கிறது: ஃபிட்டாக இருக்கும் பெண்ணை இன்று விளம்பரம்கூடக் கொண்டாடுகிறது, பிறருக்குப் பயன்படாத, பிறர் கண்ணுக்கும் இதமில்லாத வலிமையை ஒரு பெண் தனக்காக வைத்துக்கொள்வது மட்டும் அன்றும் இன்றும் ஏற்கப்படவில்லை.

இப்போது எங்கள் கூடத்துக்கு வருபவர்களில் கணிசமானோர் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பெண்கள். ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் என்று உடற்திறன் தேர்வு இருப்பதால் வீட்டில் தடையில்லாமல் அனுப்புகிறார்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண் சென்ற முறை தேர்ச்சி பெற்றுப் பணியிலும் சேர்ந்துவிட்டாள். விடுமுறை நாட்களில் இன்னமும் வந்து, எடையைத் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் செய்கிறாள். அவளுடைய அம்மா போன மாதம் என்னைத் தேடி வந்து, "வேலதான் கெடச்சிடுச்சே, இன்னும் இன்னாத்துக்குக்கா இத்த தூக்கினு கெடக்குறா?" என்று கேட்டார். அவள் அடுத்த ஆண்டு மேடையேற விரும்புகிறாள் என்று சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ராக்கில் மகள் விட்டுச்சென்றிருந்த, எடைத் தட்டு மாட்டும் இரும்புப் பாரை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, எத்தனை கிலோ என்று கேட்டார். இருபது என்றேன். தட்டு மாட்டச் சொன்னார்.