ஆற்றங்கரைக் காட்டில் தன்னார்வலர்களே இளைஞர் முகாம் நடத்த முடியுமா?

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை ஆற்றோரக் காட்டுக்கு மூன்று நாள் முகாமுக்குக் கூட்டிப் போக நினைக்கிறோம். சம்பளத்துக்கு ஆள் வைக்க வசதியில்லை, தன்னார்வலர்கள் மட்டும்தான். சரிவருமா?

சரிவரும். நாங்கள் செய்திருக்கிறோம். இலங்கையில் கித்துல்கலைக்குச் சற்று மேலே, களனி கங்கை ஆற்றங்கரையில், காட்டை ஒட்டிய ஒரு தனியார் காணி. மஸ்கெலியா, நோர்ட்டன் பக்கத்துப் பிள்ளைகள் 34 பேர், நாங்கள் 11 பேர். இரண்டு ஆசிரியர்கள், ஒரு தாதி, ஒரு முச்சக்கரவண்டிக்கார அண்ணன், மற்றதெல்லாம் கெம்பஸ் (பல்கலைக்கழகம்) படிக்கிற பசங்கள்.

பெற்றோரிடம் அனுமதி கேட்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போனபோது ஒரு அம்மா கேட்டார்: "நாங்க வெறகுக்குப் போற காட்டுக்கு நீங்க வேன் வச்சுப் போறீங்களாக்கும்?" அப்போது சிரித்துவிட்டு வந்தோம். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது இரண்டாம் நாள்தான் உறைத்தது. காட்டுக்குப் புதியவர்கள் நாங்கள்தான், பிள்ளைகள் இல்லை.

காலையில் ஒற்றையடிப் பாதையில் நான் முன்னால் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அண்ணே, கால வைக்காதீங்க. கம்பி கட்டியிருக்கு." குனிந்து பார்த்தும் எனக்கு எதுவும் தெரியவில்லை. அவன் ஒரு குச்சியால் இலைகளை விலக்கிக் காட்டினான். மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியில் போட்ட சுருக்கு, பன்றிக்கு வைத்தது. பன்றிக்கு வைப்பதில் சிறுத்தையும் மாட்டும். 2020இல் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை இப்படித்தான் மாட்டியது. மீட்டுக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். பன்றி போகிற வழியில் ஒரு மரக்கொம்பு மட்டும் வளைந்து நின்றால் சந்தேகப்பட வேண்டுமாம். யார் கட்டியிருப்பார்கள் என்றதற்குச் சிரித்தானே தவிர வாய் திறக்கவில்லை. அன்று மாலை வைத்திருந்த 'தலைமைத்துவப் பயிற்சி'யைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவனையே பேச விட்டோம். ஒன்றரை மணி நேரம் ஒருவரும் எழுந்து போகவில்லை.

அடுத்தது ஆறு. இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. இரண்டிலும் மேலே அணைக்கட்டுகளும் மின் நிலையங்களும் இருக்கின்றன. அதனால் கித்துல்கலைப் பக்கம் ஆறு பெருக மழை பெய்யத் தேவையில்லை. மூன்றாம் நாள் பதினொரு மணி, சுள்ளென்று வெயில். சோற்றுக் கிடாரத்தைக் கரையோரப் பாறையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தோம். முதலில் பாறையின் அடி நனைந்தது. கால் நனைந்தபோதும் நான் யாரோ தண்ணீர் அடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நோர்ட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி மேலிருந்து கத்தினாள்: "மேல கரண்டுக்குத் தண்ணி விட்டுட்டாங்க, ஏறுங்க!" ஏறினோம். கிடாரம் ஏறவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி, ஆற்றின் நடுவுக்குப் போய், வளைவில் மறைந்துவிட்டது.

கிடாரம் மட்டும் போனது எங்கள் அதிர்ஷ்டம். முதல் நாளே கரையில் குச்சி நட்டு நீர்மட்டத்துக்கு அடையாளம் வைத்திருக்க வேண்டும், அதைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை நிறுத்தியிருக்க வேண்டும். இப்போது செய்கிறோம். குளிப்பு பக்கத்துச் சிற்றோடையில் மட்டும். பெரிய ஆற்றில் நீச்சல் தெரிந்தவனும் இறங்கக் கூடாது.

மற்றவை சுருக்கமாக. ஒதுக்குக் காடு என்றால் வனத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். காட்டோரத் தனியார் காணி கிடைத்தால் பாதித் தலைவலி குறையும். ஓகஸ்ட் விடுமுறை வேண்டாம், தென்மேல் பருவமழை. ஏப்ரலில் போனால் இடிமழை பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான் வரும், தறப்பாளை முன்னரே கட்டி வையுங்கள். மலசலகூடக் குழி ஆற்றிலிருந்து 60 மீற்றராவது தள்ளி இருக்கட்டும். பெண் பிள்ளைகள் வருவதும் வராததும் அந்தக் குழியைச் சுற்றி நீங்கள் கட்டுகிற மறைப்பைப் பொறுத்தது. எங்களிடம் தாய்மார் கேட்ட முதல் கேள்வியே அதுதான். குடிதண்ணீரைக் கொதிக்க வையுங்கள். அட்டைக்கு உப்பு முடிச்சு போதும். நம் பிள்ளைகளுக்கு அதுவும் தேவையில்லை, நகத்தால் சுண்டிவிட்டுப் போய்விடுவார்கள். அலறியதெல்லாம் கெம்பஸ் பசங்கள்தான்.

அரிசி? நீங்கள் போடுகிற கணக்கை இரட்டிப்பாக்குங்கள்.

அந்தக் கிடாரம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இரவல் வாங்கியது. எல்லோரும் காசு போட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டோம். ஆனாலும் கோயில் தலைவர் என்னைக் கண்டால் விடுவதில்லை. "தம்பி, நம்ம கிடாரம் இந்நேரம் கொழும்புக்குப் போயிருக்குமா?" என்பார். களனி கங்கை கடைசியில் அங்கேதானே கடலில் விழுகிறது. "முகத்துவாரம் தாண்டியிருக்கும் ஐயா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.