பிளானன் தீவில் காணாமல் போன மூவர்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் பிளானன் தீவுக் கலங்கரை விளக்கத்தில் 1900ஆம் ஆண்டு மூன்று காவலர்கள் மாயமாகிப்போன கதையை ஒரு யூடியூப் காணொளியில் பார்த்தேன். மேஜையில் பாதி சாப்பிட்ட உணவு, கவிழ்ந்து கிடந்த நாற்காலி, ‘அழுதோம், பிரார்த்தித்தோம்’ என்று பதிவேட்டில் கடைசி வரிகள். என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்றிருக்கிறேன். உண்மையில் அங்கே என்னதான் நடந்தது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அந்தச் சாப்பாடு, நாற்காலி, அழுகை மூன்றையும் விட்டுவிட்டுச் சொல்லுங்கள். முதல் இரண்டும் வில்பிரிட் கிப்சன் என்ற கவிஞர் 1912இல் எழுதிய கவிதையிலிருந்து வந்தவை. அழுகை வரிகள் அதற்கும் பல வருடம் கழித்து யாரோ கட்டிவிட்டவை. விசாரணை அறிக்கையில் இவை எதுவும் கிடையாது.

அறிக்கையில் இருப்பதைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்கு மேற்கே முப்பது கிலோமீட்டருக்குமேல் தள்ளி, அட்லாண்டிக் கடலில் பிளானன் தீவுகளில் ஒன்றான ஐலன் மோர் என்ற சிறு பாறைத்தீவு. அங்கே 1899 டிசம்பர் 7 அன்று விளக்கு முதன்முதலாக எரிந்தது. அடுத்த வருடம் டிசம்பரில் பணியில் இருந்தவர்கள் ஜேம்ஸ் டுகாட், தாமஸ் மார்ஷல், டொனால்ட் மெக்ஆர்தர். மோசமான வானிலையால் தாமதமாகி, 26ஆம் தேதிதான் ‘ஹெஸ்பரஸ்’ கப்பல் மாற்று ஆளோடு போய்ச் சேர்ந்தது. கொடி ஏறவில்லை, யாரும் படகுத்துறைக்கு வரவில்லை. கப்பல் சங்கு ஊதியும் ராக்கெட் விட்டும் பதில் இல்லை. ஜோசப் மூர் என்ற காவலர் தனியாக மேலே ஏறிப்போனார். அடுப்பு அணைந்து குளிர்ந்திருந்தது, கடிகாரங்கள் நின்றிருந்தன, ஆள் இல்லை. ஆனால் பாத்திரங்கள் கழுவி வைக்கப்பட்டிருந்தன; விளக்கு துடைத்து எண்ணெய் நிரப்பித் தயாராக இருந்தது. சிலேட்டில் 15ஆம் தேதி காலை 9 மணி வரைக்குமான குறிப்புகள். அதாவது அன்று காலை வேலையை ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் வெளியே போயிருக்கிறார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அப்புறம் தீவின் மேற்குப் படகுத்துறை. கலங்கரை விளக்கங்களின் கண்காணிப்பாளர் ராபர்ட் முயர்ஹெட் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்: கடல் மட்டத்திலிருந்து 110 அடி உயரத்தில் பாறை இடுக்கில் கட்டி வைத்திருந்த, கயிறுகள் வைக்கும் பெட்டி போய்விட்டது, இரும்புக் கம்பிவேலி முறுக்கிக்கொண்டு கிடந்தது, ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாறை இடம்பெயர்ந்திருந்தது, 200 அடி உயரத்தில் செங்குத்துப் பாறையின் விளிம்பில் புல்தரையே பிய்ந்துபோயிருந்தது. அந்த உயரத்தை ஒருமுறை மனதில் நிறுத்திப் பாருங்கள். 15ஆம் தேதி பிற்பகல் பெட்டியையும் கயிறுகளையும் பத்திரப்படுத்த இறங்கியவர்களை எதிர்பாராமல் மேலேறிய பேரலை ஒன்று இழுத்துச் சென்றிருக்க வேண்டும் என்பதே அவர் முடிவு. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. மெக்ஆர்தரின் கோட்டு மட்டும் வீட்டிலேயே தொங்கியது. டிசம்பர் குளிரில் கோட்டு இல்லாமல் ஒருவர் வெளியே ஓடினார் என்றால், கீழே மற்ற இருவருக்கும் ஏதோ ஆபத்து என்று கண்டிருப்பார் என்றே நான் நினைக்கிறேன். இதை யாரும் நேரில் பார்க்கவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை, ஆகவே ஊகம்தான். ஆனாலும் பேய், கடல் பூதம் எல்லாவற்றையும்விடப் பொருந்தி வருகிற ஊகம்.

எனக்குக் கோபம் வருவது அந்த அழுகை வரிகள் மீதுதான். டுகாட்டுக்கு மனைவியும் நான்கு குழந்தைகளும், மெக்ஆர்தருக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். வேலையில் உயிரை விட்ட மனிதர்களைப் பித்துப் பிடித்தவர்களாகக் காட்டி, நூறு வருடத்துக்கு மேலாகியும் அதை விற்றுக்கொண்டிருப்பது அநியாயம். முயர்ஹெட் டிசம்பர் 7 அன்றுகூட அந்தத் தீவுக்குப் போயிருந்தார், அவர்களிடம் கடைசியாகக் கைகுலுக்கியவன் தானே என்று வருத்தத்தோடு எழுதுகிறார். அதிகாரபூர்வ அறிக்கையில் அப்படி ஒரு வரி வருவது அபூர்வம்.

இன்னொன்றையும் வகுப்பில் சொல்லுங்கள். மூவரும் இல்லை என்று தெரிந்த அன்றே மூரும் இன்னும் மூன்று பேரும் விளக்கை எரிய வைக்க அந்தத் தீவிலேயே தங்கினார்கள். 1971இல் அது தானியங்கியாக ஆன வரைக்கும் காவலர்கள் அங்கே முறைவைத்து இருந்துகொண்டேதான் இருந்தார்கள். பிள்ளைகளிடம் வரைபடத்தைக் கொடுத்து முதலில் ஐலன் மோரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு 110 அடி என்றால் உங்கள் பள்ளிக் கட்டடத்தைப்போல எத்தனை மடங்கு என்று அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.