சொகுசு கார் ஷோரூமில் உடையைப் பார்த்துத்தான் மதிப்பார்களா?

கேள்வி: சொகுசு கார் விற்கும் இடங்களில் ஊழியர்கள் வாடிக்கையாளர்களை எப்படி நடத்துவார்கள்? சாதாரண உடையில், பழைய வண்டியில் போய் இறங்கினால் மதிப்பார்களா?

இப்போது வேறு வேலைக்கு வந்துவிட்டேன். ஆனால் சில வருடங்கள் சொகுசு கார் விற்பனையில் இருந்தவன். அந்த அனுபவத்தில் இருந்து பதில் சொல்கிறேன்.

உடையைப் பார்த்து எடை போடுவது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் வெளியே இருப்பவர்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. எதிரே வந்து நிற்கும் விற்பனையாளரின் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: இவர் வாங்குவாரா, வாங்கினால் எப்போது? அந்த ஆளுக்குச் சம்பளம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், அவர் காட்டும் சிரிப்பு, அவசரம், அலட்சியம் எல்லாவற்றுக்கும் காரணம் விளங்கிவிடும்.

நீங்கள் உள்ளே நுழைந்ததும் வரவேற்பில் பெயரும் எண்ணும் வாங்கிக்கொள்வார்கள். பிறகு முறை யாருடையதோ அந்த விற்பனையாளர் வருவார். "இப்போ என்ன வண்டி சார் வச்சிருக்கீங்க? யார் ஓட்டப் போறாங்க? எப்ப தேவைப்படும்? வேற எங்கேயாவது பார்த்தீங்களா?" என்று பேச்சுவாக்கில் கேட்பது போல இருக்கும். நீங்கள் கிளம்பியதும் அந்தப் பதில்கள் எல்லாம் கணினிக்குள் போய்விடும். ஹாட் (சூடு), வார்ம் (வெதுவெதுப்பு), கோல்ட் (குளிர்ச்சி) என்று உங்கள் பெயருக்கு ஒரு பட்டம் கிடைக்கும். இந்த மாதமே முடிவெடுப்பவர் ஹாட். யோசித்துக்கொண்டிருப்பவர் வார்ம். சும்மா பார்க்க வந்தவர் கோல்ட். காலையில் மேனேஜர் கூட்டம் போட்டுக் கேட்பது முதல் பட்டியலைப் பற்றி மட்டும்தான். "அன்றைக்கு அவ்வளவு நன்றாகப் பேசினார், அப்புறம் ஒரு போன்கூட இல்லை" என்று பலர் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் மூன்றாவது பட்டியலில் விழுந்திருப்பார்கள். அவர்களுடைய சட்டைக்கும் செருப்புக்கும் அதில் பங்கே இருக்காது.

அனுபவம் உள்ள விற்பனையாளர் உடையை நம்பவே மாட்டார். கசங்கிய சட்டையில் வந்து, பேரம்கூடப் பேசாமல் முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டிவிட்டுப் போனவர்களை அவர் பார்த்திருப்பார். விலை உயர்ந்த கோட்டும் கைக்கடிகாரமுமாக வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனவர்களையும் பார்த்திருப்பார். இதை ஒட்டிய ஓர் ஆய்வு 2014ல் வந்தது. இத்தாலியின் மிலான் நகரத்தில், ஆடம்பர உடைக் கடைகளில் வேலை பார்ப்பவர்களிடம், உடற்பயிற்சி உடையில் கடைக்கு வரும் ஒரு பெண்ணையும் நேர்த்தியாக உடுத்தி வரும் ஒரு பெண்ணையும் பற்றிக் கேட்டார்கள். கடைக்காரர்கள் உடற்பயிற்சி உடையில் வருபவரைத்தான் வசதியானவர் என்று மதிப்பிட்டார்கள். தெருவில் போகும் பொதுமக்களின் கணிப்பு நேர் எதிராக இருந்தது. அலட்டிக்கொள்ளாமல் வருபவருக்கு யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கார் விற்பனையிலும் இதே கதைதான். உடையைப் பார்த்து ஏமாறுவது வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன பையன்கள்தான்.

வேண்டுமென்றே கொஞ்சம் விறைப்பாக நடந்துகொள்பவர்களும் உண்டு. "நம்ம பிராண்டுக்குன்னு ஒரு கெத்து இருக்கு" என்று சொல்லிக்கொள்வார்கள். இதற்கும் ஆதாரம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே 2014ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஆடம்பரப் பொருட்கள் விற்கும் கடையில் ஊழியர் ஏளனமாக நடந்துகொண்டால், அந்தப் பொருளுக்கு ஏங்குகிறவர்களின் ஆசை கூடுகிறது என்று கண்டார்கள். ஆனால் அந்த ஆசை இரண்டு வாரத்தில் வடிந்துவிடுகிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. கைப்பையை அந்த இடத்திலேயே வாங்கிவிடலாம். கார் அப்படியா? பார்க்க ஒரு நாள், ஓட்டிப் பார்க்க ஒரு நாள், வீட்டில் பேச ஒரு வாரம், லோன் கையெழுத்தாக இன்னொரு வாரம். அவமானப்பட்டவர் அந்த இடைவெளியில் வேறு ஷோரூமுக்குப் போய்விடுவார். அதனால் கார் விற்பனையில் விறைப்பு காட்டுவது வெறும் கெட்ட பழக்கம்தான். அதற்கு வியாபாரக் காரணம் எதுவும் கிடையாது.

சம்பளத்துக்கு வருகிறேன். பல இடங்களில் நிலையான சம்பளம் சிறியது, மீதி கமிஷன். அந்தக் கமிஷனில் வண்டி ஒரு பகுதிதான். லோன், இன்சூரன்ஸ், கூடுதல் வாரண்டி, ஆக்சஸரீஸ், பெயின்ட்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு என்று ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு உண்டு. விலை பேசி முடித்ததும் விற்பனையாளர் புது உற்சாகத்தோடு அடுத்தடுத்த தாள்களை நீட்டுவது இதனால்தான். மாதக் கடைசியிலும் காலாண்டுக் கடைசியிலும் டார்கெட் முடிய ஒரு வண்டி, இரண்டு வண்டி பாக்கி இருக்கும். அந்த நாட்களில் கோல்ட் பட்டியலில் இருப்பவருக்கும் போன் வரும். பேச்சிலும் தேன் ஒழுகும்.

டெலிவரி முடிந்த பிறகு கார் நிறுவனத்திடமிருந்து ஒரு கருத்துக் கேட்பு வரும். அதற்கு முன்பே விற்பனையாளர் உங்களைக் கூப்பிட்டு, "சார், எல்லாத்துக்கும் முழு மார்க் போட்டுடுங்க, ஒரு மார்க் குறைஞ்சாலும் எனக்குப் போச்சு" என்பார். அது நடிப்பு கிடையாது. பல நிறுவனங்களில் டீலருக்குக் கிடைக்கும் போனஸும் ஊழியருக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகையும் அந்த மதிப்பெண்ணைப் பொறுத்தே இருக்கின்றன. ஆனாலும் நீங்கள் உண்மையைத்தான் எழுத வேண்டும். நன்றாகக் கவனித்தவருக்குத் தயங்காமல் முழு மார்க் போடுங்கள். கவனிக்காதவருக்கு இரக்கப்பட்டுப் போட்டால், அடுத்து வருகிறவருக்கும் அதே கவனிப்புதான் கிடைக்கும்.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்தும் விஷயம் வேறு. பெண்களை நடத்தும் விதம். கணவனும் மனைவியும் வருவார்கள். வண்டியைப் பற்றி எல்லாம் படித்துவிட்டு வந்திருப்பது மனைவியாக இருக்கும். பணமும் அவருடையதாக இருக்கலாம். கேள்வி கேட்பது அவர், பதில் போவது கணவருக்கு. டெஸ்ட் டிரைவ் சாவி கணவர் கைக்குப் போகும். மனைவியிடம், "மேடம், உள்ளே என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்பார்கள். ஒரு பெண் தம்பியோடு வந்திருந்தார். பின்பக்க சஸ்பென்ஷன், டயரின் அளவு, சர்வீஸ் இடைவெளி என்று துல்லியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னோடு வேலை பார்த்தவர் ஒவ்வொரு பதிலையும் தம்பியின் முகத்தைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். தம்பிக்கு வண்டி ஓட்டவே தெரியாது என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதே மாடலை இன்னொரு டீலரிடம் வாங்கினார். எங்கள் அலுவலகத்தில் அது "விலை ஒத்துவரவில்லை" என்று பதிவானது. இப்படித் தவறான காரணம் எழுதப்படுவதால்தான் மேலே இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் கண்ணில் படுவதே இல்லை.

அமெரிக்காவில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சட்டப் பேராசிரியர் இயன் ஏயர்ஸ் 1991ல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோ பகுதி டீலர்களிடம் வெள்ளை ஆண்கள், வெள்ளைப் பெண்கள், கறுப்பின ஆண்கள், கறுப்பினப் பெண்கள் என நான்கு வகையினரை அனுப்பினார்கள். எல்லோரும் ஒரே மாதிரிப் பேச, ஒரே முறையில் பேரம் செய்யப் பயிற்சி பெற்றவர்கள். இருந்தும் வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலைதான் மிகக் குறைவு. கறுப்பினப் பெண்களுக்குச் சொன்னது மிக அதிகம். அவை சாதாரண கார்கள்தான், சொகுசு கார்கள் இல்லை. ஆனால் விற்பவரின் மனதில் இருக்கும் கணக்கு வண்டியின் விலையைப் பார்த்து மாறிவிடுவதில்லை. விலை பேச இடம் இருக்கும் இடத்தில் ஆளைப் பார்த்து விலை சொல்லவும் இடம் இருக்கிறது. அதனால் ஒரே விலை என்ற முறைக்கு நான் முழு ஆதரவு. டெஸ்லா தொடக்கத்தில் இருந்தே டீலர் இல்லாமல் நேரடியாக விற்கிறது. மெர்சிடிஸ் பென்ஸ் 2023ல் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் டீலர்களை முகவர்களாக மாற்றி, விலையைத் தானே நிர்ணயிக்கும் முறைக்குப் போனது. தள்ளுபடி வாங்கும் சுகம் போய்விட்டதே என்று சிலர் குறைப்பட்டார்கள். பேசத் தெரிந்தவருக்குக் கிடைத்த தள்ளுபடியைப் பேசத் தெரியாதவர்தானே கட்டிக்கொண்டிருந்தார்?

இன்னும் மேலே, மிகக் குறைவான எண்ணிக்கையில் செய்யப்படும் கார்களுக்குப் போனால் நிலைமை தலைகீழ். அங்கே வாடிக்கையாளரைத்தான் தேர்வு செய்கிறார்கள். ஃபெராரி தன் 'லாஃபெராரி' காரை 499 பேருக்கு மட்டும் என்று அறிவித்தபோது, ஏற்கனவே பல ஃபெராரி வைத்திருந்தவர்களுக்கே இடம் கிடைத்தது. ஃபோர்டு நிறுவனம் 2016ல் 'ஜிடி' காருக்கு விண்ணப்பமே போடச் சொன்னது. 500 கார்களுக்கு 6,500க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. வாங்கியவர் இரண்டு வருடங்களுக்கு விற்கக் கூடாது என்று ஒப்பந்தம். அதை மீறி விற்றதற்காக மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா மீது 2017ல் ஃபோர்டு வழக்குப் போட்டது. அடுத்த வருடம் சமரசமாக முடிந்தது. இந்த மாதிரி இடங்களில் ஊழியரின் பேச்சு குளிர்ந்துபோய் இருந்தால் நீங்கள் மனம் நோக வேண்டியதில்லை. கொடுக்க அவர் கையில் வண்டி இல்லை, அவ்வளவுதான். ஆனால் "வரிசையில் முன்னே வர வேண்டுமென்றால் இந்த இன்னொரு மாடலையும் எடுங்கள்" என்று சாடை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். வேண்டாத வண்டியை வாங்கினால்தான் கிடைக்கும் மரியாதை யாருக்கு வேண்டும்?

ஒரு டீலர் உண்மையில் எப்படிப்பட்டவர் என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரியும். டொயோட்டாவின் சொகுசு கார் பிராண்டான லெக்சஸின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1989 செப்டம்பரில் அமெரிக்காவில் அதன் எல்எஸ் 400 கார் விற்பனைக்கு வந்தது. புத்தம் புதிய பிராண்ட். டிசம்பரில் வயரிங்கிலும் பிரேக் விளக்கிலும் கோளாறு என்று இரண்டு வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். அதுவரை விற்ற ஏறத்தாழ 8,000 கார்களையும் திரும்ப அழைத்தார்கள். உரிமையாளர்களை ஷோரூமுக்கு அலைய விடவில்லை. ஆட்களை அனுப்பி வண்டியை எடுத்துவந்து, சரிசெய்து, திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். தொலைவில் இருந்தவர்களுக்காக அங்கேயே இடம் வாடகைக்கு எடுத்து வேலை பார்த்தார்கள். 20 நாளில் எல்லாம் முடிந்தது. முதல் வருடத்திலேயே கோளாறு என்ற செய்தி அந்த பிராண்டைக் கவிழ்த்திருக்கலாம். கவனித்த விதத்தால் அதுவே அதன் பெயரை நிலைநிறுத்தியது.

ஆகவே புக்கிங் பணம் கட்டும் முன் சர்வீஸ் சென்டரை ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். அங்கே காத்திருக்கும் இரண்டு பேரிடம் பேச்சுக் கொடுங்கள். சர்வீஸ் அட்வைசர் சொன்ன நேரத்துக்கு வண்டி கிடைக்கிறதா, கூப்பிட்டால் போனை எடுக்கிறாரா என்று கேளுங்கள். ஷோரூமின் காபியும் சோபாவும் சொல்லாததை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஷோரூமுக்குப் போகும்போது முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். எப்போது வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். "ஆறு மாதம் ஆகும், இப்போது ஓட்டிப் பார்க்க மட்டும்" என்று நேராகச் சொல்பவரை நல்ல விற்பனையாளர் மதிப்பார், ஏனென்றால் அவருடைய நேரத்தை நீங்கள் மதித்திருக்கிறீர்கள். விலை விவரத்தைத் தனித்தனியாகப் பிரித்து எழுத்தில் கேளுங்கள். வண்டியின் வசதிகளை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அதற்கென்று தனி ஆள் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பிஎம்டபிள்யூ 'ஜீனியஸ்' என்ற பெயரில் விற்பனைக் கமிஷன் இல்லாத ஆட்களை இதற்காகவே வைத்தது. கமிஷன் இல்லாத ஆள் பேசும்போது வித்தியாசம் உடனே தெரியும்.

விற்பனையாளர் உங்களை அலட்சியப்படுத்தினாலோ, உங்களை விட்டுவிட்டுக் கூட வந்தவரிடமே பேசிக்கொண்டிருந்தாலோ, பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். மேனேஜரைக் கேட்டு, "எனக்கு வேறு ஒருவரைக் கொடுங்கள், காரணம் இது" என்று அமைதியாகச் சொல்லுங்கள். காரணத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். கைக்கு வந்த என்கொயரி நழுவினால் மேனேஜர் தன் மேலிடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அதனால் மறுபேச்சு இல்லாமல் ஆளை மாற்றிக் கொடுப்பார்.