நர்சிங் கேள்வி – பதில்: முதலில் யாரைப் பார்ப்பது?

கேள்வி: அமெரிக்காவில் நர்ஸாகப் பணிபுரிய உரிமம் பெறுவதற்கான என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வுக்குப் படிக்கிறேன். பாடம் தெரிகிறது. ஆனால் ‘முதலில் எந்த நோயாளியைப் பார்ப்பீர்கள்?’ என்று கேட்டால் தடுமாறுகிறேன். ‘டாக்டருக்குத் தெரிவிப்பேன்’ என்று போட்டாலும் பெரும்பாலும் தப்பாகிறது. ஏன்?
– வாசகி, நாமக்கல்

பதில்: எதுவானாலும் உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிடுவது நம் வார்டுப் பழக்கம். இந்தத் தேர்வு கேட்பதோ, அவர் வருவதற்குள் நர்ஸ் என்ன செய்தார் என்பதை.

நான்கு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று வயிற்றில் ஆபரேஷன் ஆனவர், வலி பத்துக்கு ஏழு. சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவர், ஆக்சிஜன் அளவு 90%. சர்க்கரை 210 உள்ளவர். ஆறு மணி நேரத்துக்கு முன் தைராய்டு அகற்றப்பட்டவர், மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம். பலரும் வலியைத் தேர்ந்தெடுப்பார்கள், அழுகிறவர் அவர்தானே! ஆனால் ஆபரேஷனுக்கு மறுநாள் வலி எதிர்பார்த்ததுதான். சிஓபிடி உள்ளவருக்கு 88 முதல் 92 வரை போதும். 210 கொஞ்சம் காத்திருக்கும். கீச்சு சத்தம் காத்திருக்காது. கழுத்துக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம், வீக்கமாக இருக்கலாம், கால்சியம் குறைந்து குரல்வளை இறுகியிருக்கலாம். எதுவானாலும் மூச்சுப்பாதை அடைபடுகிறது. ‘இந்த நோய்க்கு இது எதிர்பார்த்ததா, புதிதாக வந்ததா?’ என்று ஒவ்வொருவருக்கும் கேட்டுப் பாருங்கள்.

டாக்டருக்குத் தெரிவிப்பது ஏன் முதல் வேலை இல்லை என்பதற்கு ஒரு உதாரணம். ரத்தம் ஏற்றும்போது குளிர் நடுக்கம், இடுப்பு வலி என்கிறார் நோயாளி. முதல் வேலை, ரத்தத்தை நிறுத்துவது. அடுத்து, பழைய டியூபைக் கழற்றிவிட்டு புது டியூபில் நார்மல் சலைன் (உப்புநீர்). பழைய டியூபிலேயே சலைனைத் திறந்தால் அதில் மிச்சமிருக்கும் ரத்தமும் உள்ளே போய்விடும். பிறகுதான் டாக்டருக்கும் ரத்த வங்கிக்கும் தகவல். பையையும் டியூபையும் தூக்கிப்போடாதீர்கள், பரிசோதனைக்குப் போகவேண்டியவை.

நோயாளியைப் பரிசோதித்தாகிவிட்டது, கையால் செய்யக்கூடியதும் முடிந்தது என்று கேள்வியிலேயே இருந்தால், அங்கே டாக்டரை அழைப்பதுதான் சரியான விடை.

கேள்வி: டிரிப் கணக்கில் விடை எப்போதும் ஒன்றிரண்டு சொட்டு குறைகிறது.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நடுவில் முழு எண்ணாக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். 1000 மி.லி., 8 மணி நேரம், மி.லி.க்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்; நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மணிக்கு 125 மி.லி., நிமிடத்துக்கு 2.08 மி.லி. இதை 2 என்று வைத்தால் 40 சொட்டு வரும். சரியான வழி: 1000 × 20 ÷ 480 = 41.67, அதாவது 42. கடைசியில் மட்டும் முழு எண்ணாக்குங்கள். 480 என்பது நிமிடம். நிமிடமாக்காமல் 8-ஆல் அப்படியே வகுத்துவிடுவது இன்னொரு வழக்கமான தப்பு.

கேள்வி: என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வில் 85 கேள்வியோடு கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் ஃபெயிலா?
– வாசகி, வேலூர்

பதில்: இல்லை. பாஸ் என்றோ ஃபெயில் என்றோ 95% உறுதி கிடைத்ததும் கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். குறைந்தது 85, அதிகம் 150 கேள்விகள், மொத்தம் 5 மணி நேரம். முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாது. ‘பொருந்துவன அனைத்தும் தேர்ந்தெடு’ என்ற கேள்வி வகையில் 2023 ஏப்ரல் முதல் பகுதி மதிப்பெண் உண்டு. ஆனால் தவறாகத் தொட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கழியும். உறுதியில்லாததைத் தொடாதீர்கள்.