பேச்சில் எல்லாரையும் மடக்குகிற மாமாவிடம் ஜெயிக்கத் தர்க்கப் பிழைகளைப் படித்தால் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: குடும்பத்தில் எது பேசினாலும் உங்கள் மாமா வாய்ச்சாலகத்தால் எல்லாரையும் மடக்கிவிடுகிறார். அவர் சொல்வது தப்பு என்று தெரிந்தும் உங்களுக்கு வாய் வருவதில்லை. தர்க்கப் பிழைகளை மனப்பாடம் செய்துகொண்டு போனால் அவரை ஜெயிக்கலாமா?

சொத்து விஷயமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மாமா, குடும்பக் கூட்டம், வாய் வரவில்லை என்றால் பெரும்பாலும் நிலமோ நகையோதான். இல்லையென்றால் மன்னிக்கவும்.

தாராளமாகப் படியுங்கள். ஆனால் அந்தப் பிழைகளின் பெயர்களை அவர் முன்னால் வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள். ஏன் என்று விளக்க எங்கள் கோயில் கூட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒன்று: நான் நாத்திகன் இல்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற அண்டாவுக்குப் பக்கத்தில் என்னைப் பார்க்கலாம். கோயிலைப் பற்றித் தப்பாக எழுதுகிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எந்தக் கோயில், யார் தலைவர் என்று கேட்டு உள்பெட்டிக்கும் வர வேண்டாம்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் எடைமேடைக் கிராணி, அதாவது எழுத்தர். அப்பா காலத்தில் எங்கள் தோட்டம் முழுக்க ரப்பர். லயத்து வீடுகள் காலியாகிப் பாதிப் பேர் டவுன் ஓரத்துத் தாமானுக்கு (குடியிருப்புக்கு) வந்துவிட்டோம். கோயில் மட்டும் உள்ளேதான் இருக்கிறது. கும்பாபிஷேகம் முடிந்த கையோடு வந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையைப் போட்டோஸ்டெட் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். பந்தல் ஒரு வரி, மேளம் ஒரு வரி, அன்னதானம் ஒரு வரி, ஸ்தபதி கூலி ஒரு வரி, எல்லாம் ஒழுங்கு. கீழே ‘இதர செலவு’ என்று ஒரு வரி, 14,600 வெள்ளி (ரிங்கிட்). அந்த அறிக்கையில் மேளத்தைவிட இதரம்தான் பெரிசு. எழுந்து கேட்டேன்: “தலைவரே, இந்த இதர செலவுல என்னென்ன இருக்கு?”

இவ்வளவுதான் கேள்வி.

எங்கள் தலைவர் பேச்சுக்குப் பேர் போனவர். சாவு வீட்டில் இரங்கல், கல்யாண வீட்டில் வாழ்த்து, தேர்தல் நேரத்தில் மேடை, எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மைக்கை இரண்டு விரலால் தட்டினார். அவசரமே இல்லை. ஆரம்பித்தார்:

“நம்ம பாட்டன் கப்பல்ல வந்தான். காட்டை வெட்டினான். காய்ச்சல் வந்தாலும் விடியக்காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வந்து நின்னான். ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, ‘ஆத்தா’ன்னு கும்பிட்டான். அவன் கணக்கு கேட்டானா? வேர்வையைத்தானய்யா கொடுத்தான்!”

கைதட்டல். என் பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் தொண்டை அடைத்தது. என் பாட்டனும் அப்படி வந்தவர்தானே.

“இன்னைக்குக் கோயிலை எப்ப எடுக்கலாம்னு வெளிய ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான். உள்ளேயிருந்தே ஒருத்தர் கேள்வி கேட்டா யாருக்கு லாபம்? தம்பி போன வருஷம் தீமிதிக்கு வந்தாரா? நான் பார்க்கல. இன்னைக்கு இதர செலவைக் கேட்பார். நாளைக்கு அர்ச்சனைச் சீட்டை எண்ணச் சொல்வார். நாளான்னிக்கு ஆத்தா தாலியைக் கழற்றி எடை போடச் சொல்வார். தம்பி மேல தப்பில்ல, எடைமேடையில உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கிறதெல்லாம் எடையாத் தெரியுது!”

மண்டபமே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள், பின்னால் திரும்பிப் பார்த்தேன். கடைசியாக வள்ளுவர் சொன்னதாக ஒரு வரி சொன்னார். 1,330 குறளிலும் அந்த வரி கிடையாது. யார் போய்ச் சரிபார்ப்பது?

இப்போது அவர் செய்ததைப் பிரித்துப் பாருங்கள். கேள்வி கேட்டவனின் யோக்கியதையைக் கேட்டார். கேட்காத கேள்வியைக் கேட்டதாகச் சொல்லி அதற்குப் பதில் சொன்னார். ஒரு படி இறங்கினால் பாதாளம் வரை போவோம் என்று பயம் காட்டினார். வெளியே எதிரி, உள்ளே கேள்வி, இரண்டும் ஒன்று என்றார். வள்ளுவரைச் சாட்சிக்கு இழுத்தார். எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் இந்த ஐந்தும் முதல் பத்துப் பக்கத்தில் இருக்கும். ஆனால் இவை ஐந்தும் சேர்ந்து செய்தது ஒரே வேலை: கேள்வியை மாற்றியது. ‘இதர செலவில் என்ன இருக்கிறது’ என்பது போய், ‘நீ ஆத்தா பக்கமா, இல்லையா’ என்று ஆகிவிட்டது. இரண்டாவது கேள்விக்கு மண்டபத்தில் யார் வேறு பதில் சொல்வார்கள்?

இது மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரிஸ்டாட்டில் 13 போலி வாதங்களைப் பட்டியல் போட்டு, அதில் 6 சொல்லிலிருந்தே பிறப்பவை என்று தனியாக வைத்தார். சரி. நம் மணிமேகலையில் 29-ஆம் காதையை எடுத்துப் பாருங்கள். அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருமம் சொல்லுமுன் பிழையான வாதம் எது என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார். பக்கப்போலி (நிறுவ வந்த கூற்றில் பிழை) 9, ஏதுப்போலி (காட்டும் காரணத்தில் பிழை) 14, திட்டாந்தப் போலி (எடுத்துக்காட்டில் பிழை) 10. மொத்தம் 33. பள்ளிக்கூடத்தில் அமுதசுரபி வரைக்கும் வந்து நிறுத்திவிடுகிறோம். ஏதுப்போலியில் அநைகாந்திகம் என்று ஒரு வகை. காட்டுகிற காரணம் ஒரு பக்கத்தோடு நிற்காது, எதிர்ப்பக்கத்துக்கும் பொருந்திப்போகும், அதனால் எதையும் நிறுவாது. தலைவர் காட்டிய வேர்வை அந்த வகைதான். பாட்டன் வேர்வை சிந்திக் கட்டிய கோயில், அதனால் கணக்குக் கேட்காதே என்றால், பாட்டன் வேர்வை சிந்திக் கட்டிய கோயில், அதனால் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேள் என்றும் சொல்லலாம் இல்லையா?

இதை நான் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அடுத்த ஐந்து நிமிடத்தில் கண்ணால் பார்த்தேன். கல்லூரியில் விவாதப் போட்டிகளில் பரிசு வாங்கிய ஒரு பையன், என் சொந்தக்காரப் பிள்ளைதான், எனக்காக எழுந்தான். “ஐயா, நீங்கள் செய்வது தனிமனிதத் தாக்குதல், அது தர்க்கப் பிழை” என்றான். தலைவர் இரண்டு கையையும் விரித்தார். “தாக்குதலா? நான் யாரையப்பா தாக்கினேன்? தம்பி படிச்சவர், பெரிய பெரிய வார்த்தையெல்லாம் தெரியுது. நாம தோட்டத்துச் சனம், நமக்கு ஆத்தாவைத்தான் தெரியும்.” பையன் உட்கார்ந்துவிட்டான். அவன் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் பிழையின் பெயரைச் சொன்னதும் வழக்கு தலைவருக்கும் கணக்குக்கும் நடுவில் இல்லாமல், படித்தவனுக்கும் சனத்துக்கும் நடுவில் என்று ஆகிவிட்டது. மறுபடியும் கேள்வி மாறிவிட்டது, இந்த முறை மாற்றிக் கொடுத்தது நம் ஆள்.

நான் மறுபடி எழுந்தேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், சொன்னால் என்ன. “அண்ணே, நீங்க சொன்னது அத்தனையும் சரி. பாட்டன் வேர்வை சரி. தீமிதிக்கு நான் வரல, நைட் ஷிப்ட், அதுவும் சரி. இதர செலவு 14,600 வெள்ளி. என்னென்ன?” அவர் மறுபடி தொடங்கினார். முடிக்கும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, இன்னும் சுருக்கமாக, “சரிண்ணே. 14,600 வெள்ளி, என்னென்ன?” என்றேன். குரலை ஏற்றவில்லை. எதையும் மறுக்கவும் இல்லை. மறுத்திருந்தால் அவருக்கு அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் கால்மணி நேரம் பேசக் கிடைத்திருக்கும்.

என் வேலையில் லாரி உள்ளே வரும்போது ஓர் எடை, செம்பனைக் குலையை இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை. கழித்து வருவதுதான் குலை, அதற்குத்தான் காசு. பேச்சையும் அப்படித்தான் கேட்கிறேன். அழகு, கோபம், கண்ணீர் எல்லாம் வண்டி. கழித்தால் மேடையில் என்ன நிற்கிறது? அன்றைக்கு ஒன்றும் நிற்கவில்லை.

பின்வரிசையில் ஓர் அக்கா, “அதைத்தான் சொல்லிடுங்களேன், பசிக்குது” என்றார். பொருளாளர் தலைவர் முகத்தைப் பார்த்தார். நானும் அப்போதுதான் சட்டத்தை எடுத்தேன்: 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கைச் சங்கப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும், அவர்களும் இதே கேள்வியைக் கேட்கலாம், நாமே முதலில் கேட்டு வைத்துக்கொள்வது கோயிலுக்குத்தானே நல்லது. சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் மண்டபம் எழுந்து நின்றிருக்கும். இங்கே கையைத் தூக்கச் சொன்னார்கள், கணக்கு அப்படியே நிறைவேறியது. ‘விவரப் பட்டியல் பின்னர் இணைக்கப்படும்’ என்று கூட்டக் குறிப்பில் ஒரு வரி ஏறியது. அந்த ஒரு வரிதான் எனக்குக் கிடைத்தது. அது போதும்.

ஒரு வாரத்தில் பொருளாளர் வீட்டுக்கே வந்து பட்டியலைக் கொடுத்தார். ஜெனரேட்டர் வாடகை, தண்ணீர் லாரி, நடமாடும் கழிவறை, கேஸ் தோம்பு (சிலிண்டர்), நாற்காலி உடைந்ததற்கு நஷ்டஈடு. ஏறக்குறைய எல்லாமே நியாயமான செலவு. ரசீதும் இருந்தது. தலைவர் தன் கைக்காசையும் போட்டிருந்தார், அதை எங்கேயும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பாருங்கள், இரண்டு நிமிடத்தில் பட்டியலை வாசித்திருந்தால் முடிந்திருக்கும். கையில் நேர்மையான கணக்கை வைத்துக்கொண்டு மனுஷன் போலி வாதம் பேசியிருக்கிறார்! பேச வந்துவிட்டால் சிலருக்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை, அதுதான் காரணம்.

இதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வாதம் போலி என்பதால் முடிவும் பொய் என்று ஆகாது. அப்படி நினைப்பதே இன்னொரு தர்க்கப் பிழை, அதற்கும் பட்டியலில் இடம் உண்டு. உங்கள் மாமா மோசமாக வாதாடலாம், நிலத்தைப் பற்றி அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். பத்திரத்தைப் பார்த்தால்தான் தெரியும். அப்படியானால் கேட்டதே வீண் என்று சிலர் எழுதுவார்கள். வீண் இல்லை. பட்டியல் நியாயமாக இருந்தது என்பது கேட்டதால்தான் தெரிந்தது.

உருக்கமாகப் பேசுவதே ஏமாற்று என்றும் நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊரில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். சனம் வேலையும் வீடும் இல்லாமல் நின்றது. எங்கள் ஊர்க்காரரும் அப்போது மந்திரியுமான துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார், பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டச் சொன்னார், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வந்தது. தோட்டங்களை வாங்கிக் காட்டியது. தினக்கூலிக்காரனிடம் பத்து வெள்ளியை வாங்கப் புள்ளிவிவரம் மட்டும் போதுமா? உருக்கமும் வேண்டும். என் தாத்தா கட்டினார். அந்தப் பேச்சில் உருக்கத்தைக் கழித்தாலும் மேடையில் நிற்க ஒரு கணக்கு இருந்தது: தனியாக உன்னால் வாங்க முடியாது, சேர்ந்தால் முடியும். அரிஸ்டாட்டிலும் பேசுகிறவரின் குணம், கேட்கிறவரின் உணர்ச்சி, காரணம் என்று மூன்றையும்தான் கேட்டார். தலைவர் முதல் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு வரி எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் எழுதிவிடுகிறேன். சிறப்புப் பட்டிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து வந்த பேச்சாளருக்கு விமான டிக்கெட், ஓட்டல், பணமுடிப்பு. அதே மேடையில் நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பேர் பேசினார்கள், ஜோக்கே சொல்லாமல், விஷயத்தோடு. அவர்களுக்கு ஆளுக்கு ஒரு பொன்னாடை. அதுவும் முந்தின விழாவில் யாருக்கோ போர்த்தியது, மடிப்பு கலையாமல் இருந்தது. பெட்ரோல் காசுகூடக் கொடுக்கவில்லை. நம்மவர் பேச்சுக்கு இங்கே மதிப்பே இல்லை. தமிழ்நாட்டுக்காரர்கள் கோபிக்க வேண்டாம், வந்தவர் மேல் எனக்கு ஒன்றுமில்லை, அழைத்தவர்கள் மேல்தான். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதையும் கேட்கத்தான் போகிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கூட்டத்துக்குப் போகுமுன் உங்கள் கேள்வியை ஒரே வரியில் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாமா, “உன்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவன்டா நான்” என்று ஆரம்பித்தால், “ஆமாம் மாமா, தூக்கி வளர்த்தீங்க” என்று சொல்லிவிட்டு அந்த வரியைப் படியுங்கள். அவர் செத்துப்போன தாத்தாவை இழுத்தாலும் அதே வரி. கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போய்விட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். பத்திரம் எந்த பீரோவில் இருக்கிறது என்று அத்தைக்குத் தெரிந்திருக்கும்.